நாகலாபுரம் விலக்குக் கவுதாரி

மாயகிருஷ்ணன் தன் கடையில் கவுதாரிக் கறி உண்டு என்று வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. போர்டில் எழுதவும் இல்லை. ஊர் தானாகப் பேசிக்கொண்ட பேச்சு அது.

கடை இருந்தது நாகலாபுரம் விலக்கில், பஸ் நின்று திரும்புகிற முக்கில். முன்னால் ரோடு, பின்னால் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் கரிசல். மாயகிருஷ்ணன் ஆட்டுக்காரக் குடும்பம். கல்யாணமான புதிதில் மனைவி கிருஷ்ணவேணியின் கைச் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தவன், இனி ஆடு மேய்ப்பது வீண் வேலை என்று முடிவுகட்டி, கிடையை விற்றுத் தகரக்கூரை போட்டான். பேரும் கிருஷ்ணவேணி ஹோட்டல்தான். மத்தியானச் சாப்பாடு, கோழி வறுவல், அவ்வளவுதான் வியாபாரம்.

கோழிக்கு அலையவேண்டியதில்லை. கிருஷ்ணவேணியின் தம்பி இசக்கிபாண்டி புதூர்ப் பக்கம் ஒரு பிராய்லர் பண்ணையில் வேலை பார்த்தான். பண்ணையில் சில குஞ்சுகள் எவ்வளவு தீவனம் போட்டாலும் வளராமல் புறா அளவிலேயே நின்றுபோகும். அதையெல்லாம் ஒதுக்கிவிடுவார்கள். இசக்கிபாண்டி அவற்றைச் சாக்கில் போட்டு அக்காவிடம் கொண்டுவந்து இறக்குவான். கிருஷ்ணவேணி முண்டு மிளகாய் வத்தலும் மல்லியும் வறுத்து அரைத்துப் பூசி, பருத்தி எடுத்தபின் காய்ந்த செடியான பருத்திமாரை எரித்த தணலில் இரும்புச் சட்டியை வைத்து நிதானமாக வறுப்பாள். பருத்திமார்ப் புகை கறிக்குள் ஏறி, ஒரு காட்டு வாசனை வரும்.

ஒருநாள் தூத்துக்குடி லாரி டிரைவர் ஒருத்தர் அந்தச் சின்னத் தொடையைக் கையில் தூக்கிப் பார்த்து, வாசனை பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணாச்சி, இது கவுதாரிதான?"

அந்த நேரம் பார்த்து மாயகிருஷ்ணனுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு துண்டு எங்கே என்று இடமும் வலமும் பார்த்தான். டிரைவருக்குப் புரிந்துபோயிற்று. "சரி சரி, நான் யார்ட்டயும் மூச்சுவிடமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

மறுவாரத்திலிருந்து ஆட்கள் வந்து, "அது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "இருக்கு," என்றான் மாயகிருஷ்ணன். கேட்டதற்குப் பதில். கவுதாரி பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயமே கறிக்கு இன்னும் கொஞ்சம் காரம் ஏற்றியது. காரை ரோட்டில் நிறுத்தாமல் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கிருஷ்ணவேணிக்கு இது பிடிக்கவில்லை.

"கோழின்னு சொன்னா என்ன உங்களுக்கு? நான் அரைக்கிற மசாலாவுக்கு எவனோ ஒரு பறவைக்கு நல்ல பேர வாங்கிக் குடுக்கீங்க."

"ஏட்டி, பிராய்லர் திங்கதுக்கு எவன் கோவில்பட்டியில இருந்து இந்தப் பொட்டக்காட்டுக்கு வருவான்? சும்மா இரி."

"திங்கது பிராய்லரத்தான?"

"திங்கது பிராய்லர்தான். வாரது கவுதாரிக்கு."

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஜெயகிருஷ்ணன்தான் கடையின் பெரிய வாடிக்கை. வாராவாரம் காரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். வாயில் ஒரு துண்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "இது கம்பங்காட்டுல மேஞ்ச கவுதாரி. போன வாரம் தின்னது உளுந்தங்காட்டுது. வித்தியாசம் தெரியுதா இல்லியா?" என்று கேட்பார். நாலு பேரும் தெரிகிறது என்பார்கள். அவருடைய நாக்குக்குக் கோவில்பட்டி பஜாரில் பெரிய மரியாதை இருந்தது.

அந்த நாக்குதான் வினையாக வந்தது. சிவகாசியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, அவர்களைக் கடைக்குக் கூட்டிவந்த ஜெயகிருஷ்ணன், சாப்பிடுவதை வீடியோ எடுத்துத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். கடை பெயரைச் சொல்லவில்லை. "நாகலாபுரம் விலக்குல வந்து எறங்கி அது இருக்கான்னு கேளுங்க," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வீடியோ வனச்சரகர் சத்யபிரியாவின் போனுக்கும் வந்துசேர்ந்தது. வேலைக்குப் புதியவள். விலங்குகளின் மரபணுவை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது எப்படி என்று அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஒற்றை ரோமத்தை வைத்து வேட்டைக்காரனைப் பிடித்த கதையெல்லாம் கேட்டு வந்த அவளுக்கு, வந்த இடத்தில் முயல்வலை போடுகிறவன்கூட மாட்டவில்லை. வீடியோவைப் பார்த்ததும் ஜீப்பை எடுத்துவிட்டாள்.

மத்தியானம், கடை நிறைந்திருந்த நேரம். ஜெயகிருஷ்ணன் அன்றைக்கும் இருந்தார், சம்பந்தியோடு. சத்யபிரியா நேராக அடுப்பங்கரைக்குள் போய் இரும்புச் சட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"இது என்ன கறி?"

கடையில் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. மாயகிருஷ்ணன் வாயைத் திறந்தான். பிராய்லர் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இப்போது திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் குமாஸ்தா, நாலாட்டின்புதூர்க் கண்டக்டர், புதியம்புத்தூரிலிருந்து துணி லோடு ஏற்றிவந்தவர்கள், தலைவாழை இலை முன்னால் ஜெயகிருஷ்ணன். இத்தனை வருசம் ஒளிந்து ஒளிந்து வந்து தின்ற முகங்கள்.

"ஏங்க, பிராய்லருன்னு சொல்லுங்க!" என்று கிருஷ்ணவேணி கரண்டியோடு கத்தினாள். "மேடம், அது பிராய்லர் கோழி. வளராத குஞ்சு."

ஜெயகிருஷ்ணன் சம்பந்தியின் காதில் மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மாவோட சுதாரிப்பப் பாத்தீங்களா? பட்டுனு எப்படி ஒரு பொய் வருது பாருங்க."

"நான் உங்களைக் கேட்கலம்மா," என்றாள் சத்யபிரியா. "ஓனரைக் கேட்கிறேன். இது கவுதாரியா?"

மாயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுதான் மேடம்."

"எது?"

"அதுதான்."

சட்டியோடு அவனையும் ஜீப்பில் ஏற்றினார்கள். வனக்காவலர் சங்கிலிப்பாண்டி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அவரும் யூனிஃபார்ம் இல்லாத நாட்களில் அந்தக் கடைக்கு வருகிறவர்தான். போகிற வழியில் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது சட்டியில் கறி குறைந்திருந்தது. "குலுங்குனதுல சிந்திருச்சு மேடம்," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே. மிச்சத்தை டப்பாவில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

சத்யபிரியா மோசமானவள் இல்லை. கைதியை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, என்ன நடக்கப்போகிறது என்று விளக்கிச் சொன்னாள்.

"இந்தக் கறியை மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பப்போறோம். நீங்க என்ன சொன்னாலும் சொல்லாட்டாலும், அது எந்தப் பறவைன்னு அவங்க கண்டுபிடிச்சிருவாங்க."

மாயகிருஷ்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "வறுத்துட்டோமே மேடம்?"

"வறுத்தாலும் தெரியும்."

"மசாலாவுக்குள்ள ஊறிட்டே?"

"ஊறினாலும் தெரியும். கறியோட ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் அது என்ன சாதிப் பறவைன்னு எழுதியிருக்கும். நெருப்பு வச்சாலும் முழுசா அழியாது."

அதற்குப் பிறகுதான் அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வேட்டைக்காரன் பயந்துவிட்டான் என்று சத்யபிரியா குறித்துக்கொண்டாள். அவன் ஜெயிலை நினைத்து நடுங்கவில்லை. ஆய்வகத்தில் யாரோ ஒருத்தர் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிராய்லர் என்று ஒரு தாளில் எழுதுவதை நினைத்து நடுங்கினான்.

"மேடம், எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்பிக்கிட்டு? நாந்தான் ஒத்துக்கிடுதேன்லா. எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்."

"ஒத்துக்கிட்டாலும் அனுப்பணும். அதுதான் இப்ப முறை."

அவளுக்கு அது முதல் வழக்கு. குறை இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஆய்வகத்துக்கு எழுதிய கடிதத்தில், இனம் மட்டுமல்ல, எந்த வகை, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது வரைக்கும் ஆராய்ந்து சொல்லும்படி கேட்டிருந்தாள். கவுதாரி எந்தக் காட்டில் பிடிபட்டது என்று தெரிந்தால் வழக்கு இறுகும் என்பது அவள் கணக்கு.

கிளைச் சிறையில் கொஞ்ச நாள் இருந்தான். ஜாமீன் எடுத்த வக்கீல் சுந்தரபாண்டியன், வெளியே வந்ததுமே அவனை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"வீட்டுக்காரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பிராய்லர் வித்ததுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை கிடையாது அண்ணாச்சி. ஒரு வார்த்தை. உண்மையைச் சொன்னா நாளைக்கே முடிஞ்சுபோகும்."

"வழக்கு முடிஞ்சுரும் சார். நானும் முடிஞ்சுருவேன்லா."

விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு கூட்டமே நின்றிருந்தது. யாரோ மாலை போட்டார்கள். ஜெயகிருஷ்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "எங்க பேர ஒண்ணுகூடச் சொல்லலியாமே. நீ மனுசன்வே." மாயகிருஷ்ணனுக்கு வந்த அழுகையை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணவேணி வாசலுக்கு வரவில்லை. அடுப்பங்கரையில் இருந்தபடியே, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "அது பிராய்லருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது மெல்ல மெல்லப் பரவியது. வாடிக்கைக்காரர்களிடையே கவலை உண்டாயிற்று. கவுதாரி என்றால் தின்றவர்களும் குற்றவாளிகள். பிராய்லர் என்றால் தின்றவர்கள் முட்டாள்கள். இரண்டில் ஒன்றுதான்.

ஜெயகிருஷ்ணன் அதிகம் யோசிக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வனத்துறை ஆபீஸுக்குப் போனார்.

"எழுதிக்கிடுங்க மேடம். நான் தின்னுருக்கேன். வாராவாரம். என் மேலயும் கேஸ் போடுங்க."

"தானா வந்து சொல்றீங்களே, ஏன்?"

"மனசாட்சி உறுத்துது."

அவருக்குப் பின்னால் வக்கீல் குமாஸ்தா, கண்டக்டர், துணிக்காரர்கள் என்று வரிசை நின்றது. எல்லாருக்கும் உறுத்தியது. கடைசியில் சங்கிலிப்பாண்டியும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சத்யபிரியா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

இங்கே இப்படி இருக்க, மாயகிருஷ்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். நிஜமாகவே ஒரு கவுதாரியைப் பிடித்து, கொண்டுபோய்க் கொடுத்து, இதுதான் என் கறி, இதிலிருந்து எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது. ஜாமீனில் இருக்கிறவன் செய்கிற காரியமா என்று கேட்டால், அவனுக்குப் பதில் இருந்திருக்காது. செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவனுக்கு அந்தக் குற்றத்தைச் செய்து முடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றிவிட்டது.

ஆடு மேய்த்த காலத்தில் கவுதாரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். பிடித்ததில்லை. விடியற்காலை வலையோடு கம்பங்காட்டுக்குள் போய்ப் படுத்தான். பறவை கத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குடும்பத்தோடு வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் குஞ்சுகள், வேலைக்குப் போகிற ஆட்கள் மாதிரி அவசர அவசரமாக நடந்தன. எழுந்து வலையை வீசினான். வலை அவன் தலையிலேயே விழுந்து முருங்கைக்காய் மூட்டை மாதிரி சுற்றிக்கொண்டது. முதல்நாள் பெய்த மழையில் கரிசல் கால் இரண்டையும் பிடித்துக்கொள்ள, குப்புற விழுந்தான். கவுதாரிகள் பறக்கக்கூட இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, நடந்தே போயின.

கம்பு விதைத்திருந்த காட்டுக்காரன் வந்து அவனை வலையிலிருந்து பிரித்தெடுத்தான். "என்ன அண்ணாச்சி, சரக்கு எடுக்க வந்தீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டான். மேலெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்தவனுக்குக் கிருஷ்ணவேணி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். முதுகைத் தேய்த்துவிடும்போது சொன்னாள்:

"ஒரு குருவியப் பிடிக்கத் தெரியாத மனுசனத்தான் ஊரே வேட்டைக்காரன்னு கும்பிடுது. கோழி வறுக்கத் தெரிஞ்சவள எவனும் கண்டுக்கிடல."

அவள் சொன்னதை அவன் அதற்கு முன்னால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். அன்றைக்குத்தான் அது காதுக்குள் போயிற்று. ஆனாலும் வழக்குத் தேதி நெருங்க நெருங்கப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆய்வக அறிக்கை வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. நீதிபதி வயதானவர், நிதானமானவர். உறையைப் பிரித்துத் தனக்குள் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாதிரியில் கவுதாரியின் மரபணு இல்லை. வேறெந்தக் காட்டுப் பறவையின் மரபணுவும் இல்லை. மாதிரி, கோழியைச் சேர்ந்தது."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சுந்தரபாண்டியன் சட்டென்று மாயகிருஷ்ணனின் காதோடு, "கோழின்னுதான் போட்டிருக்கு. நாட்டுக்கோழின்னு சொல்லிச் சமாளிச்சிரலாம்," என்றார். மாயகிருஷ்ணனுக்கு உயிர் திரும்பியது.

நீதிபதி தாளைத் திருப்பினார். "மேலும், வனச்சரகர் விரும்பிக் கேட்டுக்கொண்டபடி எந்த வகை என்பதும் ஆராயப்பட்டது. வேகமாக வளர்வதற்காக உருவாக்கப்பட்ட பண்ணை இறைச்சிக்கோழி. அதாவது பிராய்லர்."

"வேகமா வளருறதா? நல்லா வளந்துச்சு," என்று பின்னாலிருந்து கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள்.

மாயகிருஷ்ணன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, அந்த ரிப்போர்ட் தப்பு."

"இது உங்களுக்குச் சாதகமான ரிப்போர்ட்," என்றார் நீதிபதி.

"எனக்கு வேண்டாம் ஐயா. நான் குத்தம் செஞ்சவன். திருப்பிச் சோதிக்கச் சொல்லுங்க."

சத்யபிரியாவும் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அரசுத் தரப்பிலும் மறு ஆய்வு கேட்கிறோம் ஐயா. குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்கிறார். சாப்பிட்டவர்கள் வாக்குமூலம் கட்டுக்கட்டாக இருக்கிறது."

நீதிபதி இரண்டு பக்கமும் பார்த்தார். "குற்றம் சாட்டுகிறவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். எதிர்த்தரப்பு யார்?"

"அந்த ஆய்வகந்தான் ஐயா!" என்று ஜெயகிருஷ்ணன் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "அவங்க மேல கேஸ் போடுங்க. நான் தின்ன நாக்கு இருக்கு, அது சொல்லும்."

"உங்கள் நாக்கைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது. உட்காருங்கள்."

அப்போது கிருஷ்ணவேணி முன்னால் வந்தாள். கோர்ட் டவாலிச் சேவகர் தடுத்தார், நீதிபதி விடச் சொன்னார்.

"ஐயா, நான் இவிய சம்சாரம். அத வறுத்தது நான்தான். அது பிராய்லர்தான். என் தம்பி பண்ணையில இருந்து கொண்டாருவான். அன்னைக்கு மேடம் வந்தப்பயும் சொன்னேன். அதுக்கு முன்னாலயும் எல்லாத்துக்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். நான் பொய் சொல்லுதேன்னுட்டாவ."

"இப்போது நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"இப்ப நீங்க படிச்சீங்கள்லா ஐயா, அதுதான். எந்த ஊர்லயோ, என் மூஞ்சியப் பாக்காதவங்க, ஒரு துண்டுக் கறிய வச்சுக்கிட்டு நான் சொன்னது நெசம்னு எழுதியிருக்காவ. இங்கன இருக்கவங்க சட்டியோட தின்னுட்டு நான் சொல்லுறது பொய்ங்காவ. கம்பங்காட்டு ருசி, உளுந்தங்காட்டு ருசின்னு சொல்லுதாவல்லா, அது ரெண்டும் நான் ஒருநாள் வத்தல் கூடப்போட்டது, ஒருநாள் கொறச்சுப்போட்டதுதான் ஐயா."

ஜெயகிருஷ்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கிருஷ்ணவேணி அழவில்லை, கோபத்தில் மூச்சு வாங்கியது. மாயகிருஷ்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டத்தில் அத்தனை பேர் முகமும் அவன் பக்கம் திரும்பியிருந்தது, அன்றைக்குக் கடையில் திரும்பியது மாதிரியே. இவள் ஒருத்திதான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ சொல்லுறதுதான் நெசம் ஐயா," என்றான். "பிராய்லர்தான்."

கொலையை ஒப்புக்கொண்டது போல் கூட்டம் 'ஆ' என்றது. கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டி தொப்பியை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். குற்றவாளி இல்லை என்று ஆனதில் அவர் ஒருத்தருக்குத்தான் கொஞ்சம் சந்தோசம்.

நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அத்தனை வாக்குமூலக்காரர்களையும், தின்னாததைத் தின்றதாகச் சொல்லி அரசாங்கத்தின் நேரத்தை வீணாக்கியதற்காகக் கண்டித்தார். அவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் மாயகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கிருஷ்ணவேணி மட்டும்தான் உட்கார்ந்தாள். எட்டையபுரம் தாண்டியதும் அவன் சொன்னான்:

"கடைய மூடிருவோமாட்டி?"

"எதுக்கு? கோழி செத்துப்போச்சா?"

கடையைத் திறந்துதான் வைத்தார்கள். யாரும் வரவில்லை. பஸ் நின்றால்கூட இறங்குகிறவர்கள் கடைப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். கிருஷ்ணவேணி தன் கையால் ஒரு போர்டு எழுதி வாசலில் தொங்கவிட்டாள்: "இங்கு பிராய்லர் கோழி வறுவல் கிடைக்கும்." மாயகிருஷ்ணன் அதைத் தடுக்கவில்லை. ஆணி அடித்துக் கொடுத்தான்.

இது இப்படியே போயிருந்தால் கடை படுத்திருக்கும். தூக்கி நிறுத்தியவர் ஜெயகிருஷ்ணன். பஜாரில் போகிற இடமெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருவாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், ஒரு விளக்கத்தோடு வெளியே வந்தார். புதூர்ப் பக்கத்துப் பண்ணையில் சிந்துகிற கோழித் தீவனத்தைக் காட்டுக் கவுதாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்றதில், அவற்றின் மரபணுவே கோழி மாதிரி மாறிவிட்டது. ஆய்வகத்துக்காரர்கள் பாவம், அவர்களுக்கு இது எப்படித் தெரியும்? "எனக்கு அப்பவே லேசாத் தீவன வாசன தட்டுச்சு," என்றார் அவர். "சொன்னா யாரும் நம்பமாட்டீங்கன்னுதான் சொல்லல."

எல்லாரும் நம்பினார்கள். கோர்ட்டில் கண்டனம் வாங்கியவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மாயகிருஷ்ணன் கூண்டில் நின்று பிராய்லர் என்று சொன்னது, வக்கீல் சொல்லிக்கொடுத்து அடித்த கடைசி நேரத்து ஆட்டம் என்று ஆயிற்று. வாசல் போர்டைப் பார்த்து, "எவ்வளவு தைரியமா எழுதிப்போட்டிருக்காவ பாரு," என்று மெச்சினார்கள். கடையில் முன்பைவிடக் கூட்டம். மாயகிருஷ்ணன் ஒவ்வொரு இலையாகப் போய்க் குனிந்து, "நெசமாவே கோழிதாங்க," என்று சொன்னான். இந்தமுறை மனசாரச் சொன்னான். "தெரியும் அண்ணாச்சி, தெரியும்," என்று அவன் தோளைத் தட்டினார்கள்.

இரவு படுக்கும்போது கிருஷ்ணவேணி சொன்னாள்: "நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். மத்தவனுவ என்னமும் நெனச்சுக்கிடட்டும்." சொன்னாளே தவிர, அவளுக்குப் போதவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

வழக்கு தோற்ற சத்யபிரியாவுக்கு இடமாற்றம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் வடிந்த நேரத்தில், சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மாயகிருஷ்ணன் பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பயப்படாதீங்க. சாப்பிட வந்தேன்," என்றாள். "என்னை இவ்வளவு தூரம் ஓடவச்சது என்னன்னு ஒரு தடவையாவது தின்னு பாக்கணும்ல?"

கிருஷ்ணவேணி இலை போட்டாள். சட்டியிலிருந்து எடுத்துச் சுடச்சுட வைத்துவிட்டு, கதவோரமாக நின்றுகொண்டாள். சத்யபிரியா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்னொன்று போட்டாள். எலும்பைக் கடித்து உறிஞ்சி, விரலை நக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பிராய்லர் கோழியில இப்படி ஒரு ருசிய எப்படிக்கா கொண்டாந்தீங்க?"

கிருஷ்ணவேணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு மாதிரித்தான் தெரிந்தது. எதிர் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடை வைத்த நாளிலிருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எதிரே அவள் உட்கார்ந்ததே இல்லை.

"மொதல்ல வத்தல கருகவிடக் கூடாது மேடம்," என்று ஆரம்பித்தாள். "வறுக்கும்போது கிட்டயே நிக்கணும்..."

பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிக் கடைக்குள் வந்தது. கிருஷ்ணவேணி எழுந்திருக்கவில்லை. மாயகிருஷ்ணன் தானே போய் அவர்களுக்கு இலை போட்டான்.